பின்னால் இடித்தால் முதலில் கழுத்தைப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் யாராவது இடித்துவிட்டால், கதவைத் திறந்து ஓடிப்போய் முதலில் பம்பரைத்தான் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்புறம்தான் கண்ணில் படும்.

என் சித்தப்பாவும் அப்படித்தான். அவரிடம் இருப்பது 1966-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். தாத்தா வாங்கிய கார். சென்ற ஆண்டு ஜெலுத்தோங்கில் சமிக்ஞை விளக்கில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வேன் ஒன்று இடித்தது. பெரிய வேகம் இல்லை. பம்பர் வளைந்தது, பூட் மூடி சப்பிப்போனது, இடது பக்க மட்கார்ட் நசுங்கியது. பக்கத்தில் இருந்த சித்தி, “எனக்கு ஒன்னும் இல்ல, காரைப் பாருங்க” என்றார். மறுநாள் காலை அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. சரியாக மூன்று வாரம் ஆனது.

மருத்துவர் விளக்கினார். பின்னால் இடிபடும்போது இருக்கை முதுகை முன்னால் தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடல் முன்னே போக, தலை பின்னால் மடிந்து, பிறகு முன்னால் வீசப்படுகிறது. சாட்டையைச் சொடுக்குவது போன்ற இந்த அசைவில் அடி வாங்குவது கழுத்துதான். அப்போதைக்கு வலி தெரியாது, மறுநாள்தான் தெரியும். இதைத் தடுப்பதற்காகத்தான் இன்றைய கார்களில் ஹெட்ரெஸ்ட் இருக்கிறது. நம்மில் பலர் அதைத் தூங்குவதற்கான தலையணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மைனரில் அது கிடையாது. 1948-இல் அறிமுகமாகி, 16 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. முன் இருக்கையின் முதுகு தோள்பட்டைக்குக் கீழேயே நின்றுவிடும். அமெரிக்காவில்கூட முன் இருக்கைகளுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயமானது 1969-இல்தான். மோதலின் வேகத்தைத் தானே வாங்கிக்கொண்டு நசுங்கும் உடல் அமைப்புக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரேனி 1952-இல் காப்புரிமை பெற்றார். அது விற்பனைக்கு வந்த காரில் இடம்பெற்றது 1959-இல். மைனர் அதற்கெல்லாம் முந்தைய தலைமுறை. “அந்தக் காலத்துத் தகரம், கெட்டி” என்று பெருமையாகச் சொல்வோம். தகரம் வாங்காத அடி உள்ளே இருப்பவருக்குப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜெலுத்தோங் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் கர்பால் சிங். 1978 முதல் 1999 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், ‘ஜெலுத்தோங்கின் புலி’. 2005-இல் பினாங்கில் அவர் அமர்ந்திருந்த டாக்சியைப் பின்னால் வந்த கார் இடித்தது. அதன் பிறகு அவர் சக்கர நாற்காலியில்தான் நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனார். 2014 ஏப்ரல் 17 அதிகாலையில், கம்பார் அருகே நெடுஞ்சாலையில் அவர் பயணம் செய்த வாகனம் ஒரு லாரியுடன் மோதியதில் காலமானார். வானொலியில் சாலை நிலவரம் சொல்லும்போது “பின்னால் மோதல், நெரிசல்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். சித்தியின் கழுத்துக்குப் பிறகு, அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

காருக்கு வருவோம். சித்தப்பா தெரிந்த ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். முதியவரான தவுக்கே வெளியே இருந்த நசுங்கலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகக் காரின் அடியில் படுத்துவிட்டார். வெளியே வந்து சொன்னது இது: “அண்ணே, மேலே உள்ள வேலை சுலபம். கீழேதான் விஷயம்.”

அது உண்மை. மைனரின் பின் மட்கார்டுகள் போல்ட் போட்டுப் பொருத்தியவை. கழற்றித் தட்டி நிமிர்த்தலாம், இல்லாவிட்டால் வேறொன்றை மாட்டலாம். ஆனால் இந்தக் காருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, தளமும் பக்கத் தகரமும் சேர்ந்துதான் எலும்புக்கூடு. பின்னால் விழும் அடி பூட் தளத்தைச் சுருக்கும், பட்டை வில் மாட்டியிருக்கும் இடத்தை நகர்த்தும். அந்த இடம் ஏற்கெனவே துருப்பிடிக்கும் இடம். வில் ஒரு பக்கம் சற்று நகர்ந்தாலும் பின் அச்சு கோணலாகும். அப்புறம் கார் நேராக ஓடாது, டயர் ஒரு பக்கம் தேயும். பெட்ரோல் தொட்டியும் பூட் பக்கம்தான். அதன் இணைப்பிலும் குழாயிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் வெல்டிங் விளக்கைக் கொளுத்தவே கூடாது.

தவுக்கே தொட்டியைக் கழற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்கினார். இரண்டு பக்கமும் மூலைக்கு மூலை அளந்து, தளத்தை மெல்ல இழுத்து நேராக்கினார். உள்ளே தாங்குகட்டை, வெளியே சுத்தியல் என்று தகரத்தைத் தட்டி எடுத்தார். பட்டியை மெல்லிசாகத்தான் பூசினார். பட்டி கனமாகப் பூசினால் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகளில் வெடிக்கும் என்றார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டு போங்கள். அது ஒட்டாத இடத்தில் தகரத்தைவிடப் பட்டி அதிகம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும், இது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம். இடித்தவர் மேல் தவறு என்றால் அவருடைய காப்புறுதியிடம் கோரலாம். உங்கள் சொந்தக் காப்புறுதியில் கோரினால், பத்து வயதைத் தாண்டிய காருக்குப் புதிய பாகம் போடும்போது அதன் விலையில் 40 விழுக்காடு வரை உங்கள் பங்காகக் கேட்கப்படலாம். பழைய காருக்குச் சந்தை மதிப்பு என்று எழுதினால் கைக்கு வருவது மிகக் குறைவு. பாலிசி எடுக்கும்போதே ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ கிடைக்குமா என்று கேளுங்கள். காரின் படங்களையும் செலவு ரசீதுகளையும் ஒரு கோப்பில் வையுங்கள். மருத்துவச் சீட்டும் அதே கோப்பில் இருக்க வேண்டும். காருக்கு ரசீது வைத்து, கழுத்துக்கு வைக்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

பூச்சு காய்ந்ததும் வீட்டில் சண்டை. ஹெட்ரெஸ்ட் உள்ள இருக்கை போட்டால்தான் இனி ஏறுவேன் என்றார் சித்தி. “ஒரிஜினல் போயிடுமே” என்றார் சித்தப்பா. கண்காட்சியில் புள்ளி குறையும் என்ற கவலை அவருக்கு. எனக்கு அந்தக் கவலை புரிகிறது. அது தாத்தாவின் கார், அவர் உட்கார்ந்த இருக்கை. ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் காருக்கும், வாரம்தோறும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சாலைக்கு வரும் காருக்கும் ஒரே நியாயம் இருக்க முடியாது. ஓடுகிற கார், தன்னைச் சுற்றி ஓடும் கார்களுக்கு ஏற்றபடி கொஞ்சம் மாறத்தான் வேண்டும்.

முடிவில் பிந்தைய காலத்துச் சிறிய கார் ஒன்றின் இருக்கைகள் ஹாஃப்-கட் கடையில் கிடைத்தன. முதுகும் ஹெட்ரெஸ்டும் ஒரே துண்டு. அடியில் தகடு வைத்து உறுதியாக மாட்டி, பழைய சிவப்பிலேயே உறை தைத்தார்கள். பழைய இருக்கைகள் துணி சுற்றி மாடியில் இருக்கின்றன. பிரேக் விளக்குக்கு எல்.இ.டி. பல்பும் போட்டார்கள். இதில் ஒரு நுணுக்கம்: பல மைனர்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். சாதாரண எல்.இ.டி. பல்பு அதில் எரியாமல் போகலாம், கேட்டு வாங்க வேண்டும். பின் கண்ணாடிக்குள் மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்றும் வைத்தார்கள். இதுபோன்ற மாற்றங்களுக்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

மைனர் இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இன்று மாலை உங்கள் மைவியிலோ சாகாவிலோ ஏறி உட்காருங்கள். ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வருகிறதா? தலைக்கும் அதற்கும் இடையே இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறதா? இல்லையென்றால் பொத்தானை அழுத்தி உயர்த்துங்கள், இருக்கையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். பின்னால் உட்காரும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, ஒரு வெள்ளி செலவில்லை.