விமான எஞ்சின் படிப்பு

பரீக்ஷை முடிவுகள் வெளியாகும் நாட்களில் உபாத்தியாயர் வீட்டுத் திண்ணைக்கு மவுசு அதிகம். ஆம்பூர், வாணியம்பாடிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று சற்றுப் புதியது: "பையன் ஆகாய விமான எஞ்சினைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறான். படிக்க வைக்கலாமா, ஸார்?" பெண்ணுக்காகக் கேட்பவர்களும் உண்டு. தனித்தனியே சொல்லும் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதி விடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். விமானத்தைப் பழுது பார்த்து, பறக்கத் தகுதியுடையதென்று கையெழுத்திடுவது ஒரு தொழில். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் காரியாலயத்தின் லைசென்ஸ் வேண்டும். எஞ்சினை வகுத்து உருவாக்கக் கற்பது வேறு. அதற்கு நாலு வருஷ பி. இ. படிப்பு. பட்டம் வந்தால் லைசென்ஸும் கூடவே வரும் என்று எண்ணிப் பணம் கட்டிவிடலாகாது.

ஜெட் எஞ்சினின் தத்துவம் எளிது: காற்றை உள்ளே இழுத்து, நெருக்கி, எண்ணெயோடு எரித்து, பின்புறம் வேகமாகத் தள்ளுவது. 1930-ல் இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் இதற்குப் பேடண்ட் கோரினார். 1939 ஆகஸ்டில் ஜெர்மனியில் வான் ஓஹைன் அமைத்த எஞ்சினைக் கொண்டு முதல் ஜெட் விமானம் பறந்தது.

ஆனால் செய்து காட்டுவது எளிதன்று. எரிந்த வாயு டர்பைன் சக்கரத்தின் தகடுகளில் மோதும்போது, அதன் உஷ்ணம் அந்த உலோகம் உருகும் அளவையே தாண்டி விடுகிறது. தகடு உருகவும் கூடாது. நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலவும் வேண்டும். ஆகவே அதனுள் நுண்ணிய வழிகளில் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். முழுத் தகட்டையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். நிக்கலோடு குரோமியமும் கலந்த உலோகம் அது. நம் ஊர்த் தொட்டிகளில் தோலைப் பதப்படுத்தும் அதே குரோமியம், அங்கே உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது!

இந்த வித்தை கைவராததால் நம் தேசம் பட்ட சங்கடம் கொஞ்சமல்ல. 1961-ல் பறந்த நமது மாருத் போர் விமானம், தக்க எஞ்சின் கிடைக்காமல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவே இல்லை. 2001-ல் முதன்முதல் பறந்த தேஜஸுக்கு அமெரிக்க எஞ்சின். அதற்கென்று பெங்களூரில் உருவாக்கப்பட்ட காவேரி எஞ்சின் அதில் ஏறவில்லை. விமானத்தைக் கட்டிவிட்டு, அதன் இருதயத்துக்கு அயலாரிடம் கையேந்துவது சுதந்தர தேசத்துக்கு அழகாகுமா?

1949-ல் சி. ராஜம் என்னும் பெரியவர், தம் வீட்டை விற்றும் பொருள் சேர்த்து, குரோம்பேட்டையில் மதராஸ் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். அந்த ஊருக்குப் பெயர் தந்ததே ஒரு குரோம் தோல் கம்பெனிதான். அங்கே விமானப் பொறியியல் கற்றவர்களில் ஒருவர் அப்துல் கலாம். சேருவதற்கு வேண்டிய ஆயிரம் ரூபாய்க்காக அவர் தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படிப்பு முடிந்ததும் கலாம் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே செய்த வேலை, எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடுவது.

இந்தக் கதையைக் கேட்டு உடனே நகைப்பெட்டியைத் திறந்து விடாதீர்கள். குழந்தைக்குக் கணிதத்திலும் பௌதிகத்திலும் உண்மையான பற்று இருக்கிறதா என்று பாருங்கள். கையில் எண்ணெய்க் கறை படிவதற்குக் கூசுகிறவனுக்கு இந்தப் படிப்பு ஆகாது. எஞ்சின் துறையில் உத்தியோகங்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுங்கள். தயக்கம் இருந்தால் மெக்கானிக்கல் படித்துவிட்டு, மேற்படிப்பில் எஞ்சின் பக்கம் திரும்பலாம். அந்த வழி திறந்தே இருக்கிறது.

பணம் கட்டுமுன் கலாசாலைக்கு நேரில் போங்கள். முகப்பில் நிற்கும் பழைய விமானத்தைப் பார்த்து மயங்காமல், பட்டறைக்குள் நுழைந்து ஒன்று கேளுங்கள்: "இங்கே மாணவர்கள் தங்கள் கையால் பிரித்துப் பூட்ட ஓர் எஞ்சின் உண்டா?"