வண்டிக்கும் ஏற்ற செருப்பு வேண்டும்

"டயர் வாங்குவது ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கடைக்குப் போய்ப் பேரம் பேசுவது அவர்களாக இருக்கலாம். ஆனால் அந்த வண்டியில் குழந்தைகளோடு உட்காருவது நாம்தானே? வீட்டுச் செலவில் இழுத்துப் பிடித்து அதற்குப் பணம் சேர்ப்பதும் நாம்தானே?

எங்கள் அரூர்ப் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போனால் தார் ரோடு. தோட்டத்துக்கு இறங்கினால் சரளைக் கல்லும் கருவேல முள்ளும். மழை பெய்துவிட்டால் கணுக்கால் சேறு. சித்தேரி மலைக்குப் போனாலோ வளைந்து வளைந்து ஏறும் ரோடு, அதைவிட்டு இறங்கினால் கல் பாதை. நாம் கல்யாணத்துக்கு ஒரு செருப்பு, களத்து வேலைக்கு ஒரு செருப்பு என்று மாற்றிக் கொள்கிறோம். வண்டி பாவம், ஒரே செருப்போடுதான் எல்லா இடத்துக்கும் போக வேண்டும்.

காற்றடைத்த டயர் நம்மிடம் வந்த கதையே ஒரு குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் குலுங்கியதால், 1888-ல் ரப்பர்க் குழாயில் காற்றடைத்து அதன் சக்கரத்தில் மாட்டினார். நம் சென்னையில் 1946-ல் திருவொற்றியூரில் குழந்தைகளுக்கு பலூன் செய்யும் சின்னத் தொழிலாகத் தொடங்கியதுதான் பிற்பாடு எம்.ஆர்.எப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. ஆகவே டயரைப் பற்றித் தாய்மார்கள் பேசுவது ஒன்றும் அதிசயமில்லை!

ஜீப், பொலீரோ போன்ற வண்டிகளுக்கு டயர் மூன்று தினுசில் கிடைக்கிறது. முதலாவது ரோட்டு டயர். இதன் முகம் நெருக்கமான கோடுகளோடு ஓரளவு வழவழப்பாக இருக்கும். தாரில் சத்தமில்லாமல் ஓடும், டீசலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் சேற்றில் இறங்கினால் கோடுகளுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சும்மா சுற்றும். மூன்றாவது சேற்று டயர். பெரிய பெரிய ரப்பர்க் கட்டைகள், நடுவே அகலமான பள்ளங்கள். சேற்றைத் தானே உதறித் தள்ளிவிட்டுப் போகும். ஆனால் தாரில் 'ஊ' என்று இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், எடையும் கூட. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் 'ஆல் டெரெய்ன்' எனப்படும் இருவழி டயர். பக்கவாட்டில் 'ஏ/டி' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். பல டயர்களில் பக்கச் சுவரும் கல் கிழிக்காதபடி கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

எங்கள் வீட்டில் டயர் மாற்றும் பேச்சு வந்தபோது பெரியவன், "அம்மா, கட்டை கட்டையா இருக்கே, அந்த டயரைப் போட்டா வண்டி ஜோரா இருக்கும்மா" என்றான். கடைக்காரரும் விடவில்லை. "அக்கா, நீங்க மலைக்கும் போறீங்க, தோட்டத்துக்கும் போறீங்க. சேத்து டயரே போட்டுடுங்க, கவலையே இல்லை" என்றார். "ஒரு மாசம் பொறுங்க தம்பி, கணக்குப் பார்த்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, வண்டி அன்றன்றைக்கு எங்கே, எத்தனை கிலோமீட்டர் போயிற்று என்று குறித்து வந்தேன். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், பத்துக்கு எட்டுப் பங்கு தார் ரோடு, இரண்டே பங்குதான் மண்ணும் கல்லும். "தினம் தோட்டத்துக்குப் போற மாதிரி இருக்கு, அவ்வளவுதானா?" என்று இவருக்கே ஆச்சரியம். நீங்களும் இப்படி எழுதிப் பாருங்கள். பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தார் என்றால் ரோட்டு டயரே போதும். இரண்டு, மூன்று பங்கு மண் பாதை என்றால் இருவழி டயர். நாள் முழுக்கச் சேற்றிலேயே உழல்கிற வண்டிக்குத்தான் அந்தக் கட்டை டயர்.

'கூடுதல் பலமாக இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு இடத்தில்தான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பள்ளம் பெரிதானால், தாரில் படுகிற ரப்பர் குறைந்துவிடும். ஐப்பசி மழையில் ரோடு நனைந்திருக்கும்போது பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். தோட்டத்துச் சேற்றில் நாம் போவதே ஆமை வேகம். மலையிலிருந்து இறங்கும்போது அப்படியில்லை, வளைவில் எதிரே பஸ் வரும். சேற்றில் மாட்டினால் நேரம்தான் போகும். ஈரத் தாரில் நிற்காவிட்டால் உயிரே போகும். டயரை எடுக்கும் முன் இந்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏ/டி டயரிலும் சாது உண்டு, முரடு உண்டு. நடுப்பகுதியில் கட்டைகள் நெருக்கமாகவும், இரு ஓரங்களில் மட்டும் இடைவெளி விட்டும் இருப்பதாகப் பாருங்கள். கட்டைகளின் மேல் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருந்தால் ஈர ரோட்டில் பிடிப்பு நன்றாக இருக்கும். நாங்கள் அப்படிப்பட்டதைத்தான் வாங்கினோம்.

கடையில் டயரின் பக்கவாட்டைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக 215/75 ஆர் 15 என்றிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், 'ஆர்' என்றால் ரேடியல், உள்ளே மாட்டும் இரும்புச் சக்கரம் 15 அங்குலம். கம்பெனி சொன்ன அளவையே வாங்குங்கள். அழகுக்காகப் பெரிதாக மாட்டினால் திருப்பும்போது உரசும். ஸ்பீடாமீட்டரும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். அடுத்து வரும் எண் சுமை அளவு. 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். மஞ்சள் மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றுகிறவர்கள் இந்த எண் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

மருந்துச் சீசாவில் தேதி பார்க்கிறோமே, டயருக்கும் தேதி உண்டு! பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. இரண்டு மூன்று வருஷம் கடையிலேயே கிடந்த சரக்கைப் 'புதுசு' என்று தந்தால், "வேற காட்டுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகி இறுகிப் போகும். ஐந்து வருஷமானால், தேயாமல் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மெக்கானிக்கிடம் காட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. காற்று எவ்வளவு என்று டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். காலையில், வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். மணலில் இறங்க வேண்டுமானால் சிலர் காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள். டயர் பரந்து பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தார் ரோட்டில் வேகமெடுக்கும் முன் திரும்ப அடைத்தே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயரைப் பின்னும் பின் டயரை முன்னும் மாற்றிப் போட்டால் நான்கும் சமமாகத் தேயும். ஒரே அச்சில் இரண்டு தினுசு டயர் மாட்டவே கூடாது. ஸ்டெப்னியையும் மறந்துவிடாதீர்கள். நடுக்காட்டில் பஞ்சரானால் அதுதானே துணை!

வீட்டில் ஸ்கூட்டர் மட்டும்தான் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடுகள் தெரியும். தேய்ந்து தேய்ந்து டயரின் முகம் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. சட்டப்படி இரு சக்கர வண்டிக்குப் பள்ளம் 0.8 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். காருக்கு, ஜீப்புக்கு 1.6 மில்லிமீட்டர். அந்தப் பள்ளம்தான் மழைத் தண்ணீரை ஒதுக்கிவிடுகிறது. அது இல்லையென்றால் சக்கரம் தண்ணீரின் மேல் வழுக்கும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கழுவும்போது பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான். மேடு விரலில் தட்டி, டயரின் முகத்தோடு சமமாக இருந்தால், அந்த மாதம் புடவைச் சீட்டைத் தள்ளிப் போட்டாவது டயரை மாற்றிவிடுங்கள்.