பத்தொன்பது வருஷம் பந்து உருளாத மைதானம்

துறைமுகப் பட்டணங்களுக்கு உதைபந்தாட்டம் கப்பலேறி வந்தது என்பர். இத்தாலி தேசத்து ஜெனோவாத் துறைமுகத்தில் 1893 இல் ஆங்கிலேயர் கூடித் தொடங்கிய கழகம் இன்றும் ஆடி வருகிறது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த நமது திருகோணமலையிலும் மாலை வேளையில் பந்து உருளாத வெளியைக் காண்பது அரிது. மக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் நமக்கு வீட்டு முற்றம் போன்றவை. அம் முற்றம் இல்லாதிருந்தால் ஓர் ஊர் என்ன பாடுபடும் என்பதை அறிய, யாழ்ப்பாணம்வரை சென்று வருவோம்.

அங்கே கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையில் இருக்கிறது துரையப்பா விளையாட்டரங்கு. பாராளுமன்ற உறுப்பினராயும் மாநகர முதல்வராயும் இருந்து, 1975 ஜூலை 27 ஆந் திகதி பொன்னாலையிலே சுட்டுக் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவருடைய அரசியலைப் பற்றி ஊரில் இரு கருத்துண்டு. அரங்கு வேண்டும் என்பதில் ஒரே கருத்துத்தான்.

1981 இல் நூலகம் எரிந்தது. 1990 இல் கோட்டை முற்றுகைக்குள்ளாயிற்று. அவற்றின் அயலிலே கிடந்த புற்றரை மட்டும் தப்புவதெங்ஙனம்? 1997 முதல் அரங்கு பயன்பாடற்றுப் போயிற்று. 1999 இல் திருத்த வேலைக்காக அங்கு மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பிள்ளைகள் ஓடி விளையாடவென்று செப்பனிட்ட நிலத்துக்குள்ளே யாரோ பெற்ற பிள்ளைகள் கிடந்தார்கள். இதற்குமேல் அதைப்பற்றி எழுத நமக்குக் கை வரவில்லை.

பின்னர் இந்திய அரசு ஏறக்குறைய 7 கோடி இந்திய ரூபா செலவிட்டு, 1,850 பேர் அமரத்தக்கதாக அரங்கைப் புதுப்பித்தது. 2016 ஜூன் 18 ஆந் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்திலும் பிரதமர் நரேந்திர மோடி புதுடில்லியிலுமாக இருந்து, காணொளி வாயிலாக அதனைத் திறந்துவைத்தனர்.

மகிழ்ச்சியான செய்திதான். எனினும் மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1997 இல் ஆறு வயதுச் சிறுவனாயிருந்தவன் 2016 இல் இருபத்தைந்து வயது வாலிபன். பந்தடிக்கப் பழகும் பிராயமும், பள்ளிக்கூட அணியிலே ஆடும் பிராயமும், ஒரு கழகத்தில் சேர்ந்து பேரெடுக்கும் பிராயமும் அவனுக்கு நகரத்து அரங்கில் கால் வையாமலே கடந்துவிட்டன. கோடி ரூபா கொண்டு சுவரும் இருக்கையும் எழுப்பலாம். அந்த வாலிபனை மீண்டும் சிறுவனாக்க எந்த அரசாங்கத்தாலும் ஆகாது.

நிற்க, நமது மைதானங்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தைப் போலவே இங்கும் மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அம் மூன்று மாதத்தில் வடிகால் அடைபட்டால் வருஷம் முழுவதும் புற்றரை கெடும். கண்காட்சிக்கும் கூட்டத்துக்கும் மைதானத்தைக் கேட்டு வருவோர் பலர். கொட்டகைக்கால் நட்ட குழியை மூடிவிட்டுப் போவோர் சிலர். ஓடிவரும் பிள்ளையின் கணுக்கால் முறிய அந்த ஒரு குழி போதும்.

மழை விட்ட மறுநாள், பெற்றோர் பிள்ளைகளோடு ஒரு தடவை மைதானத்துக்குச் சென்று, தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்து வரலாம். சபையாரிடம் முறையிடப் போகும்போது அந்த மூலையைச் சுட்டிச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.