மூச்சிரைக்கும் குழந்தை

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது ஒரு குழந்தை மட்டும் மரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், "சோம்பேறி" என்று பட்டம் சூட்டிவிடுகிறோம். அக்குழந்தை எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்தது என்பது தெரிந்த உறவினரோ, "அந்த நோய் வந்தால் அப்படித்தான் இருக்கும்" என்று கைவிரித்து விடுகிறார்கள். இரண்டும் பிசகு. அதன் இளைப்புக்குக் காரணம் இருதயமாக இருக்கலாம். அப்படியானால், அதைக் காக்க வழியும் உண்டு.

எய்ட்ஸ் என்றதும் நுரையீரலை நினைக்கிறோம், இருதயத்தை நினைப்பதில்லை. கிருமியும், அதனால் தேகத்தில் ஓயாமல் மூண்டிருக்கும் அழற்சியும் இருதயத் தசையைத் தளர்த்துகின்றன. தளர்ந்த தசை விரிந்துபோய், ரத்தத்தை வேண்டிய வேகத்தில் தள்ள இயலாமல் திணறுகிறது. ரத்தசோகையும் போஷணைக் குறைவும் சேர்ந்தால் அதன் பாரம் இன்னும் கூடுகிறது. க்ஷயரோகமும் தொற்றிவிட்டால் இருதயத்தின் உறைக்குள்ளே நீர் கோத்துக்கொள்ளக் கூடும்.

அமெரிக்காவில் 1990-களில் இத்தகைய குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். வெளிக்கு ஒன்றும் தெரியாத குழந்தைகள் பலரிடத்தும் இருதய பலம் குன்றியிருந்தது. அவ்விதம் குன்றியவர்களே அதிகமாக மாண்டார்கள். கூட்டு மருந்து உண்டு வளர்ந்த பிற்காலத்துக் குழந்தைகளைச் சோதித்தபோதோ, இருதயம் பெரும்பாலும் செவ்வையாகவே இருந்தது. ஆகவே கிருமியை அடக்கும் மருந்தே இருதயத்துக்கும் காவல்.

நம் தேசத்தில் இக்கிருமி முதன்முதலாக 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த முயற்சியால் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் முதல் தேதி தாம்பரம் உள்ளிட்ட 8 ஆஸ்பத்திரிகளில் சர்க்கார் இலவச மருந்து வழங்கத் தொடங்கிற்று. 2006-ல் குழந்தைகளுக்கெனத் தனித் திட்டமும் வந்தது. நாஞ்சில் நாட்டார் இம்மருந்துக்காக நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது.

அந்த இடத்தில் முன்னே இருந்தது க்ஷயரோக ஆஸ்பத்திரி. அன்று க்ஷயம் என்ற சொல்லை வாய்க்குள் முணுமுணுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த நோயின் பெயரை முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பினால் விளையும் கேடு சிறிதன்று. சுசீந்திரம் தேரோட்டத்துக்கு வந்த உறவினர் கண்ணில் படுமே என்று மருந்துப் புட்டி அலமாரிக்குள் பதுங்குகிறது. ஒரு வேளை தவறுகிறது. பிறகு பல வேளை தவறுகிறது. அடங்கியிருந்த கிருமி தலைதூக்குகிறது. ஊருக்கு அஞ்சிய அச்சத்தின் விலையைக் குழந்தையின் இருதயம் கொடுக்கிறது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில. பால் குடிக்கையில் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டுதல், சிறிது நடந்தாலே மூச்சிரைத்தல், எடை ஏறாமை, காலிலும் முகத்திலும் வீக்கம் ஆகியவை கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். எக்கோ என்னும் பரிசோதனை இருதயம் இயங்கும் விதத்தைப் படமாகக் காட்டிவிடும். அதில் ஊசியுமில்லை, நோவுமில்லை. தளர்ந்த இருதயத்துக்குத் தனி மருந்துகளும் உண்டு. கூட்டு மருந்துகளில் சில ரத்தத்தில் கொழுப்பை ஏற்றுவதுண்டு. அதற்காக நாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. மாற்ற வேண்டியவர் வைத்தியரே.

வருமுன் காப்பது இதனினும் மேல். சிகிச்சையில்லாத தாய்மாரிடமிருந்து 100-க்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை கிருமியைப் பெறுகின்றன. கர்ப்ப காலத்திலேயே சோதித்து மருந்து உண்டால் அத்தொகை 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. கூட உட்காருவதாலும், உண்பதாலும், கைகோத்து விளையாடுவதாலும் இந்நோய் பரவாது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, இதைக் காரணங் காட்டி எந்தப் பள்ளியும் குழந்தையை விலக்கலாகாது. சம்மதமின்றி அதன் நோயைப் பிறருக்கு வெளியிடவும் கூடாது. பெற்றோர் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காப்போம். அதே சமயம், மரத்தடியில் ஒதுங்கும் குழந்தையைச் சோம்பேறி என்று அதட்டுமுன், அதற்கு மூச்சிரைக்கிறதா என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்போம்.