இணையம் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது எது?

ஓசூரில் வீட்டுக் கணினிக்கு இணையம் வராமல் போனால் பலரின் அன்றைய பிழைப்பே நின்றுவிடுகிறது. ஜூஜூவாடியில் கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர், சிப்காட் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துவிட்டு இரவில் ஜிஎஸ்டி கணக்கும் இ-வே பில்லும் போடும் பட்டறைக்காரர், கடைசி நாளில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் மாணவி என எல்லோருக்கும் அந்த ஒரு இணைப்புதான். அது அறுந்ததும் நாம் செய்வது என்ன? வயர்களையெல்லாம் பிடுங்கி மாட்டுகிறோம், மோடத்தின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்துகிறோம், பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து காத்திருக்கிறோம். 1970களிலிருந்து இயந்திரங்களோடு வளர்ந்த ஊர் இது. ஆலையில் லைன் நின்றால் மெயின்டனன்ஸ்காரர் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. மின்சாரம் எதுவரை வருகிறது என்று வரிசையாகப் பார்த்து, நின்ற இடத்தைக் கண்டுபிடித்த பிறகே ஸ்பேனரை எடுக்கிறார். அதே ஒழுங்கு வீட்டிலும் வேண்டும் என்பதே என் வாதம்.

வீட்டு இணைப்பில் கோளாறு வரக்கூடிய இடங்கள் மூன்றுதான்: கணினி, மோடம், வெளியிலிருந்து வரும் ஃபைபர். மூன்றையும் பிரித்தறிய பத்து நிமிடம் போதும். முதலில் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்காமல் சோதித்து ஏமாறுபவர்களே அதிகம். கைப்பேசியில் பக்கம் திறந்தால் மோடத்திலும் வெளி இணைப்பிலும் குறையில்லை, கோளாறு கணினியில்தான். ஏரோபிளேன் மோட் தவறுதலாக விழுந்திருக்கலாம். தேதியும் நேரமும் தவறாக இருக்கலாம். பழைய கணினியில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போய்விட்டால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. கணினியின் ஐபி எண் 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். கைப்பேசியிலும் வரவில்லையென்றால் மோடத்தின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை: கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு முனை கழன்றிருக்கிறது. அந்த நிலையில் கணினியில் எதைச் செய்தாலும் பயனில்லை. ஊசியால் அழுத்துவது பயனற்றது மட்டுமல்ல, தீங்கும்கூட. பல மோடங்களில் அது நிறுவனம் பதிந்துவைத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடும். வெளிக் கோளாறு சரியான பிறகும் ஆள் வந்து மறுபடி பதிந்தால்தான் இணையம் வரும். அணைத்து மீண்டும் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு.

மாதாமாதம் பணம் கட்டுகிறோமே, இதையெல்லாம் நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பழுதைச் சரிசெய்வது நிறுவனத்தின் கடமைதான். அதில் ஒரு துளியும் குறையக் கூடாது. ஆனால் ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொல்பவரிடம் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லி ஒரு நாளைக் கடத்திவிட முடியும். ‘காலை ஒன்பது மணியிலிருந்து எல்.ஓ.எஸ். சிவப்பு’ என்பவரிடம் அது செல்லாது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத்தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பின் பழுது மூன்று நாளுக்குள் சரிசெய்யப்படாவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு உண்டு. அதைக் கேட்டுப் பெற, பழுது எப்போது, எங்கே தொடங்கியது என்று புகார் எண்ணோடு குறித்து வைத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது புரியுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐபி எண் பார்ப்பது எல்லோராலும் ஆகாது. ஆனால் விளக்கின் நிறத்தைச் சொல்ல யாராலும் முடியும், அதுவே பாதித் தகவல். கைப்பேசி ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பவர்கள், தளியிலோ அஞ்செட்டியிலோ மலைப்பாங்கான இடத்தில் சிக்னலுக்காக வீட்டுக்கு வெளியே வந்து நிற்பவர்களையும் நினைக்க வேண்டும்.

ஒரு தெரு முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் யாரோ மண்ணைத் தோண்டியிருப்பார்கள். ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் கேபிள்கள் அறுந்து நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக மத்திய அரசே கூறியிருக்கிறது. அதைத் தடுக்கவே, தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளர்களுக்குத் தகவல் தரும் செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. 2019-இல் மாநகராட்சியான ஓசூர், தன் ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவரும் அந்தச் செயலியில் பதிந்த பிறகே ஜேசிபியை இறக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கட்டும். இணைய நிறுவனங்கள், மோடத்தின் எந்த விளக்கு எதைச் சொல்கிறது என்பதைத் தமிழிலும், இந்த எல்லை வட்டாரத்தில் பேசப்படும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட்டு மோடத்தின் மேலேயே ஒட்டிக் கொடுக்கட்டும்.