புயல் மேகம் எத்தனை உயரம்?

எங்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு ராஜகிரி மலையைத் தெரிந்திருக்கும். சுமார் 800 அடிதான். ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். பலத்த புயலின் மேகம் எட்டும் உயரமோ 15 முதல் 18 கிலோமீட்டர்! ராஜகிரி மாதிரி அறுபது மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். எவரெஸ்ட் சிகரமே 9 கிலோமீட்டருக்குள்தான்.

அத்தனை உயரம் எப்படிப் போகிறது என்கிறீர்களா? இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டால் கை சுரீரென்கிறதே, அந்தச் சூடுதான் காரணம். கடல்நீர் சூடானால் நீராவி மேலே கிளம்புகிறது. அங்கே குளிர்ந்து நீர்த்துளியாகும்போது தன்னிடமுள்ள சூட்டை விட்டுவிடுகிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் மேலே ஏறுகிறது. ஓர் எல்லைக்கு மேல் ஏற முடியாமல், அடுப்புப் புகை கூரையில் முட்டிப் படர்வது போல நாலாபக்கமும் படர்ந்துவிடும். மேகத்தின் உச்சியில் மைனஸ் 80 டிகிரி குளிர்கூட இருக்கும். அந்தக் குளிரை இன்சாட் செயற்கைக்கோள் அளப்பதால்தான் உயரம் தெரிகிறது.

புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவர்தான் மிக உயரமானது. கண் நம் ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கிவிடும். "விட்டுடுச்சு" என்று மாடிக்குத் துணி எடுக்கப் போகாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

மேகமும் காற்றும் மட்டும்தான் ஆபத்து என்றில்லை. 2011 டிசம்பர் 30-ல் கடலூர்ப் பக்கம் பலா, முந்திரி மரங்களைச் சாய்த்த 'தானே' மிகக் கடும் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய 'ஃபெஞ்சல்' காற்றில் அதைவிடச் சிறியது. ஆனால் நகராமல் பல மணி நேரம் நின்றுவிட்டது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! "நம்ம ஊரிலே கடலா இருக்கு, பயப்பட?" என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

ஆகவே சகோதரிகளே, புயல் என்று ரேடியோவில் சொன்னதுமே குடிநீரைப் பிடித்து மூடி வையுங்கள். குழந்தையின் மருந்து, தீப்பெட்டி, டார்ச் லைட், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வெள்ளம் வடிந்த பிறகும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை சோர்ந்து போனால் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.