ரெண்டு ஆணி போதுமா பாஸ்?

சிம்போசியத்துக்கு டெஸ்லா காயில் செய்யலாம்னு இறங்கிட்டீங்க. காயில் சுத்த ராத்திரி முழுக்கக் கண் முழிப்பீங்க. ஆனா பொறி பாயுற இடைவெளிக்கு, அதாங்க ஸ்பார்க் கேப்புக்கு, கையில் கிடைச்ச ரெண்டு ஆணியை எதிரெதிரே வெச்சுட்டு 'ஓகே மச்சி'ன்னு எழுந்துடுவீங்க. அங்கதான் சிக்கலே!

காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்ட மின்சாரத்துக்குச் சுமார் 3,000 வோல்ட் வேணும். முனை கரைஞ்சு இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடினா, அந்தக் கூடுதல் அழுத்தம் முழுக்க உங்க கெப்பாசிட்டர் தலையில்தான் விடியும்.

சரி, எந்த உலோகம் வைக்கலாம்? அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிடும், அவுட். பித்தளையில் இருக்கிற துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். ஹெர்ட்ஸ் 1887-ல் பித்தளை உருண்டைகளை வெச்சே ரேடியோ அலையைக் கண்டுபிடிச்சார். ஆனா அவரோடது சின்னப் பொறி. ஜி.ஐ. போல்ட் பக்கமே போகாதீங்க. அதன் பூச்சு ஆவியாகி மூச்சில் போனா காய்ச்சல் வரும். வெல்டிங் பட்டறை அண்ணன்களைக் கேட்டா கதை கதையா சொல்வாங்க.

பைக் பிளக்? அது சில பத்து மில்லிஜூல் பொறிக்குச் செஞ்சது. உங்க காயிலில் ஒரு பொறியே ஒரு ஜூல் வரைக்கும் போகலாம், அதுவும் செகண்டுக்கு நூறு தடவை. பாவம், விட்ருங்க.

ஹீரோ டங்ஸ்டன்தான். 3,422 டிகிரி வரை அசையாது. டிக் வெல்டிங் ராடாகவே கடையில் கிடைக்கும். முனையில் சிவப்புப் பட்டை இருந்தா மட்டும் வாங்காதீங்க. அதில் தோரியம் இருக்கு, லேசான கதிரியக்கம் உண்டு. தீட்டுற தூசியைச் சுவாசிக்கக் கூடாது. லாந்தனம் கலந்ததாக் கேட்டு வாங்குங்க.

ஆனா டங்ஸ்டன் மட்டும் போதாது. பொறி பத்துறது மட்டுமில்லை, வேலை முடிஞ்சதும் சட்டுனு அணையவும் வேணும். இல்லேன்னா மேல் காயிலுக்குப் போன சக்தி திரும்பி வந்து கேப்பிலேயே வீணாகும். முனை கனன்றுக்கிட்டே இருந்தா எப்படி அணையும்? சூட்டைக் கடத்துறதில் செம்பு, டங்ஸ்டனைவிட ரெண்டு மடங்குக்கும் மேல். அதனால சின்ன டங்ஸ்டன் துண்டைத் தடிமனான செம்புக் கட்டையில் இறுக்குங்க. பட்ஜெட் இடிக்குதா? ஏ.சி. மெக்கானிக்கிட்ட கிடைக்கிற செம்புக் குழாய்த் துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி, ஒரே இடைவெளியைப் பல சின்ன இடைவெளிகளாப் பிரிச்சு, பழைய கம்ப்யூட்டர் ஃபேனை ஊத விடுங்க. என் ஓட்டு இதுக்குத்தான்.

கேப்பை அட்ஜஸ்ட் பண்ணும்போது ஜாக்கிரதை. ஸ்விட்சை அணைச்சாலும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு சார்ஜ் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, நீளமான இன்சுலேட்டட் கைப்பிடி போட்ட எர்த் கம்பியால் அதன் முனைகளை ஷார்ட் பண்ணுங்க. அப்புறம்தான் கை வைக்கணும். லேப் சார் பக்கத்தில் இல்லாம ஆன் பண்ணவே வேண்டாம். ஓசோன் வாடை வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பொறியில் புற ஊதாக் கதிரும் உண்டு. அதனால கேப்புக்கு முன்னாடி ஒரு பாலிகார்பனேட் தகடு நிறுத்துங்க.